இதழியலும் குற்றவியலும் ஒரே பட்டத்தில்: தோட்டப்புறத்திலிருந்து வரும் கேள்விகள்

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த மறுவாரமே பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் மேற்படிப்புப் பேச்சு சூடுபிடித்துவிடும். டாக்டர், என்ஜினியர், கணக்காளர் வரிசையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: இதழியலையும் குற்றவியலையும் சேர்த்துப் படிக்கும் இளங்கலைப் பட்டம். பிள்ளைகள் வலைத்தளத்தில் பார்த்துவிட்டு வந்து கேட்பதையும், பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பதையும் இங்கே தொகுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

இது ஒரு பட்டமா, இரண்டு பட்டமா?

பெரும்பாலும் ஒன்றுதான். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் இதை இணைப் பட்டமாக நடத்துகின்றன. 3 ஆண்டு, 360 கிரெடிட். ஆண்டுக்கு 120 கிரெடிட்டில் பாதி இதழியல், பாதி குற்றவியல். கடைசியில் கையில் கிடைப்பது ஒரே சான்றிதழ், அதில் இரண்டு துறையின் பெயரும் இருக்கும். ஆஸ்திரேலியாவில் இரட்டைப் பட்டம் என்று தருவது வேறு: சான்றிதழ் இரண்டு, ஆனால் படிப்பு பொதுவாக 4 ஆண்டுக்கு நீளும்.

மலேசியப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் போதும் என்பதால் பிரிட்டிஷ் படிப்பு மூன்று மடங்கு கனமானது என்று சிலர் மிரள்கிறார்கள். அளவுகோல்தான் வேறு. அங்கே ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு, இங்கே 40 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் நம் கணக்கே கூடுதலாக வரும்.

குற்றவியல் என்றால் சட்டப் படிப்பா? ரத்த மாதிரி, கைரேகை எல்லாம் பார்ப்பதா?

இரண்டுமே இல்லை. இந்தக் குழப்பத்தில் தமிழுக்கும் பங்குண்டு. 'குற்றவியல் சட்டம்', 'குற்றவியல் நீதிமன்றம்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுப் பழகிவிட்டோம். இங்கே குற்றவியல் என்பது சமூக அறிவியல். குற்றம் ஏன் நடக்கிறது, எங்கே குவிகிறது, எதைக் குற்றம் என்று யார் தீர்மானிக்கிறார்கள், தண்டனையால் என்ன விளைகிறது என்பதெல்லாம் அதன் கேள்விகள்.

கைரேகையும் ரத்த மாதிரியும் தடயவியலைச் சேர்ந்தவை. அதற்கு வேதியியல், உயிரியல் வேண்டும். யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) அதைக் கிளந்தான் குபாங் கிரியான் வளாகத்தில் நடத்துகிறது. வழக்கறிஞர் ஆக வேண்டுமென்றால் எல்.எல்.பி. என்ற சட்டப் பட்டம்தான் வழி. இணைப் பட்டத்தை முடித்துவிட்டு ஆய்வுக்கூட வேலைக்கோ வழக்காடவோ போக முடியாது. சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு முதலாண்டிலேயே விலகுபவர்கள் உண்டு. ஆகவே இதைத்தான் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் என்ன லாபம்? ஒன்றை ஒழுங்காகப் படித்தால் போதாதா?

போதும், பலருக்கு. செய்தி வாசிப்பும் கேமராவும் மட்டுமே ஆசை என்றால் தனி இதழியல் பட்டமே நல்லது. சேர்த்துப் படிப்பதன் பயனை ஒரு சிறு செய்தியை வைத்துப் பார்க்கலாம்.

'செம்பனைக் குலைகளைத் திருடிய சந்தேகத்தில் இரு ஆடவர் கைது.' இப்படி ஒரு செய்தியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். இதழியல் வகுப்பு கேட்பவை: எத்தனை மணிக்கு, எத்தனை குலை, மதிப்பு எவ்வளவு, புகார் கொடுத்தது யார், எந்தச் சட்டப் பிரிவில் விசாரணை, தகவலை உறுதிப்படுத்திய அதிகாரியின் பதவி என்ன. 150 சொல்லில் முடிக்க வேண்டும், முதல் வரியிலேயே முக்கியமானது வந்துவிட வேண்டும்.

அதே செய்தியைக் குற்றவியல் வகுப்பில் கொடுத்தால் பேச்சு வேறு பக்கம் போகும். 1979ல் லாரன்ஸ் கோஹனும் மார்க்கஸ் ஃபெல்சனும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். குற்றம் செய்யத் துணிந்த ஆள், கைக்கெட்டும் பொருள், காவல் இல்லாத நேரம் மூன்றும் ஓரிடத்தில் கூடினால்தான் குற்றம் நடக்கும் என்பது அதன் சாரம். தோட்டத்தில் இதை அப்படியே பொருத்தலாம். பகலில் வெட்டிய குலைகளைச் சாலையோரப் பிளாட்பாரத்தில் அடுக்கிவைக்கிறார்கள், லாரி காலையில்தான் வரும். இடைப்பட்ட இரவுக்குக் காவலாளி ஒருவரோ, அவரும் இல்லாமலோ. பழத்தின் விலை ஏறும் மாதத்தில் துணிபவர்களும் கூடுவார்கள்.

அடுத்த கேள்விதான் கனமானது. வாங்கியது யார்? வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் இறங்கிவிடும். தங்கச் சங்கிலியைப் போல ஆறு மாதம் ஒளித்துவைத்து விற்க முடியாது. ஆக மறுநாளே வாங்கிக்கொள்ள ஒரு கை தயாராக இருந்திருக்க வேண்டும். குலை வாங்கி விற்க மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் தேவை. திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவதும் தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் செய்தியில் மோட்டார் சைக்கிளில் பிடிபட்ட இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், எடைப்பாலம் வைத்துக் குலை வாங்குபவர் இல்லை. குற்றவியல் படித்த நிருபர் மறுநாள் அந்த எடைப்பாலத்தைத் தேடிப் போவார். படிப்பின் லாபம் அதுதான்.

தோட்டப்புறத்துக்கும் இந்தப் படிப்புக்கும் அப்படி என்ன சம்பந்தம்?

நிறையவே. நாட்டின் வரலாற்றைத் திருப்பிய குற்றச் செய்திகளில் இரண்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலச் சட்டம் அதையொட்டித்தான் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சிலாங்கூர் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயுதம் இல்லாத 24 தோட்டவாசிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பத்திரிகைகளில் முதலில் வந்தது அதிகாரிகள் சொன்ன கதை: தப்பியோடிய கொள்ளைக்காரர்கள் என்று. 1970ல் 'தி பீப்பிள்' என்ற பிரிட்டிஷ் ஏடு அந்தச் சிப்பாய்களில் சிலருடைய வாக்குமூலத்தையே வாங்கி வெளியிட்ட பிறகுதான் அந்தக் கதை ஆட்டம் கண்டது. பொது விசாரணை கேட்டுக் குடும்பத்தார் தொடுத்த வழக்கை 2015ல் லண்டன் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதிகாரி கொடுத்த அறிக்கையை அப்படியே அச்சேற்றுவதன் விலை என்ன என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கும் பாடம் இது.

பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது, உறுப்பினர்களை இனவாரியாகவும் பிரித்துக் காட்டியது. இந்திய இளைஞர் என்றாலே சந்தேகம் என்ற பேச்சுக்கு அது தீனி போட்டது. குற்றவியலில் இதற்கு ஒரு பழைய மருந்து இருக்கிறது. சிக்காகோ நகரில் கிளிஃபோர்டு ஷாவும் ஹென்றி மெக்கேயும் பல பத்தாண்டு நீதிமன்றப் பதிவுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்து 1942ல் முடிவை வெளியிட்டார்கள். சில வட்டாரங்களில் இளையோர் குற்றம் எப்போதும் அதிகம். அங்கே குடியிருந்த இனம் மாறிக்கொண்டே இருந்தது, வட்டாரத்தின் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. ஆக நோய் இடத்தில் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வீட்டைவிட்டுக் கிளம்பி, மலிவுவிலை அடுக்குமாடியில் குடியேறிய குடும்பங்களின் கதையை இந்தக் கண்ணால் பார்த்தால் தலைப்பே வேறாக அமையும்.

அந்தச் சிக்காகோ ஆய்வு மரபைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் பார்க், பேராசிரியர் ஆவதற்கு முன் பத்தாண்டுக்கு மேல் பத்திரிகை நிருபராக இருந்தவர். இரண்டு துறைக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல.

மலேசியாவிலேயே இந்தப் பட்டம் கிடைக்குமா?

இதே பெயரில் இரண்டும் சேர்ந்த பட்டத்தை உள்நாட்டில் தேடி அலைய வேண்டாம், அது பிரிட்டன், ஆஸ்திரேலியா பாணி. உள்நாட்டில் வேறு விதமாகக் கட்டிக்கொள்ளலாம். இதழியலை முதன்மைப் பாடமாக எடுத்து, சமூகவியல், உளவியல், சட்டம் ஆகியவற்றில் குற்றம் தொடர்பான விருப்பப் பாடங்களைச் சேர்ப்பது ஒரு வழி. பினாங்கு யூ.எஸ்.எம். தொடர்புத்துறைப் பள்ளியில் இதழியல் உண்டு. பேராக் பிள்ளைகளுக்கு ஈப்போவைத் தாண்டி கம்பாரில் உத்தார் பல்கலைக்கழகமும் இருக்கிறது. யூ.ஐ.டி.எம். பெயர்பெற்ற இடம்தான், ஆனால் இளங்கலை இடம் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவருக்கே. முதலில் இதழியல் பட்டம், பிறகு குற்றவியலில் முதுகலை என்பது இன்னொரு வழி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். பணம் ஒரேயடியாகப் போகாது, இடையில் வேலை அனுபவமும் கிடைக்கும்.

சில தனியார் கல்லூரிகள் பிரிட்டிஷ் பட்டத்தை இங்கேயே முழுதாகவோ, 2 ஆண்டு இங்கே 1 ஆண்டு அங்கே என்றோ நடத்துகின்றன. கையெழுத்துப் போடுமுன் அந்தப் பாடத்திட்டத்தின் பெயர் மலேசியத் தகுதிநிலைப் பதிவேட்டில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு என்பது வேறு, அந்தக் குறிப்பிட்ட பாடத்திட்டத்துக்கு உண்டு என்பது வேறு. முகவர்கள் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும்.

எஸ்.பி.எம்.மில் என்ன வேண்டும்?

தேசிய மொழியான மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அதற்கு மேல் அடித்தளக் கல்விக்கு 5 கிரெடிட், டிப்ளோமாவுக்கு 3 கிரெடிட் என்பது பொதுவான குறைந்தபட்சம் (இங்கே கிரெடிட் என்பது ஒரு பாடத்தில் சி அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பு). ஆங்கிலத்தில் நல்ல கிரெடிட் இல்லாமல் இந்தத் துறையில் மூச்சுவிட முடியாது. அறிவியல் பிரிவு தேவையில்லை.

செலவு குறைந்த பாதை படிவம் 6, பள்ளியிலேயே எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் வகுப்பு. மூன்று தவணை, ஒன்றரை ஆண்டு, வீட்டிலிருந்தே போய்வரலாம். எஸ்.டி.பி.எம்.மில் தமிழும் ஒரு பாடமாக இருக்கிறது. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மூயெட் ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும், விண்ணப்பம் யூ.பி.யூ. என்ற பொதுச் சேர்க்கை முறை வழியாக.

பிரிட்டனுக்கு விண்ணப்பம் யூகாஸ் என்ற பொதுச் சேர்க்கை மையம் வழியாகப் போகும். 5 இடம் வரை தேர்ந்தெடுக்கலாம், முக்கியக் காலக்கெடு ஜனவரியில் வரும். முன்பு ஒரே நீண்ட கட்டுரையாக எழுதிய சுய அறிமுகம் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது, மொத்தம் 4,000 எழுத்துக்குறி. பழைய மாதிரிக் கட்டுரையை அண்ணன் அக்காவிடம் வாங்கி நகலெடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெரும்பாலும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 6.0 அல்லது 6.5 கேட்பார்கள்.

செலவு எவ்வளவு? பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் கிடைக்குமா?

பிரிட்டனில் 3 ஆண்டுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் மட்டுமே எளிதாக 2 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். சாப்பாடு, வாடகை தனி. மாணவர் விசாவுக்கு வாழ்க்கைச் செலவுப் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். 27ஆம் நாள் பெரியப்பா தன் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. படிக்கும் தவணையில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஆகவே 'அங்கே போய்ச் சம்பாதித்துக் கட்டிவிடுவேன்' என்ற திட்டத்தை நம்பி அனுப்பாதீர்கள்.

பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான், வெளிநாட்டுக்குக் கிடையாது. விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு ஓடாமல் படிவம் 6 படிக்கும்போதே திறந்துவிடுங்கள். கடனைத் திருப்பும்போது ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் சேரும். உபகாரச் சம்பளத்தைப் பொறுத்தவரை, மருத்துவம், பொறியியலுக்குத் திறக்கும் கதவுகள் இந்தத் துறைக்கு அவ்வளவாகத் திறப்பதில்லை. மனத்தை அதற்குத் தயார்செய்துகொள்ளுங்கள்.

மூன்று ஆண்டில் என்னதான் சொல்லித்தருவார்கள்? எங்கே சிக்கல் வரும்?

முதல் ஆண்டில் செய்தி எழுதுதல், ஊடகச் சட்டத்தின் அடிப்படை, குற்றவியல் அறிமுகம், போலீஸ், நீதிமன்றம், சிறை எப்படி இயங்குகின்றன என்பது. இரண்டாம் ஆண்டில் ஆய்வு முறைகள், புள்ளிவிவரம், நீதிமன்றச் செய்தி, ஒலி, காணொளி. மூன்றாம் ஆண்டில் ஒரு ஆய்வேடோ நீண்ட புலனாய்வுக் கட்டுரையோ. பிரிட்டனில் இதழாளர் பயிற்சி மன்றமான என்.சி.டி.ஜே.யின் அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால் பெரும்பாலும் சுருக்கெழுத்தும் உண்டு, நிமிடத்துக்கு 100 சொல் என்பது அவர்கள் வைக்கும் உயர்ந்த படி. ஒலிப்பதிவுக்கு அனுமதி இல்லாத நீதிமன்றத்தில் அது எவ்வளவு பெரிய சொத்து என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

சிக்கல் பாடத்தில் இல்லை, இரண்டு துறைக்கும் நடுவில் இருக்கிறது. இதழியல் துறைக்கும் குற்றவியல் துறைக்கும் தனித்தனி நேர அட்டவணை, தனித்தனி ஆலோசகர். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். தவணையின் கடைசி இரண்டு வாரத்தில் நான்கு ஒப்படைப்புகள் ஒன்றாக வந்து விழும். முதல் வாரத்திலேயே இரண்டு அட்டவணையையும் ஒரே தாளில் எழுதி, மோதும் தேதிகளை அப்போதே இரு பக்கமும் தெரிவிப்பவர்கள்தான் தப்பிக்கிறார்கள்.

அடுத்தது எழுத்து நடை. செய்தியில் முடிவு முதலில் வரும், பத்தி சிறிது, கருத்துக்கு இடமில்லை. குற்றவியல் கட்டுரையில் வாதத்தைப் படிப்படியாகக் கட்ட வேண்டும், ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று வேண்டும். செய்தி பாணியில் கட்டுரை எழுதினால் 'மேலோட்டம்' என்று மதிப்பெண் குறையும், கட்டுரை பாணியில் செய்தி எழுதினால் ஆசிரியர் மூன்றாவது வரியிலேயே வெட்டிவிடுவார். முதல் தவணை மதிப்பெண்ணைப் பார்த்து மனம் உடைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சட்டம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

வழக்காடும் அளவுக்கு வேண்டாம், தவறாக எழுதாத அளவுக்குக் கட்டாயம் வேண்டும். வெளிநாட்டில் படித்தால் அந்த நாட்டுச் சட்டத்தைத்தான் கற்றுத்தருவார்கள். திரும்பி வந்ததும் நம் சட்டத்தைச் சொந்தமாகப் படித்தாக வேண்டும். பிரிட்டனில் ஜூரி முறை உண்டு, இங்கே 1995லிருந்து கிடையாது.

சொற்களிலிருந்து தொடங்குவோம். பிடிபட்டவர் சந்தேக நபர். நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வாசித்த பிறகு குற்றஞ்சாட்டப்பட்டவர். தீர்ப்பு வந்த பிறகுதான் குற்றவாளி. கைதான அன்றே 'குற்றவாளி சிக்கினான்' என்று தலைப்புப் போடும் பழக்கம் நம் தமிழ்ச் செய்திகளில் இன்னும் ஒழியவில்லை. மரியாதை விகுதியும் கைவிலங்கோடு சேர்ந்தே பறிபோகிறது, 'ஆடவர்' ஒரே வரியில் 'அவன்' ஆகிவிடுகிறார்.

தடுப்புக் காவல் நாள்களைச் சரிபார்க்கும் வழியையும் பாருங்கள். அரசியலமைப்பின் 5ஆம் விதிப்படி கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117ஆம் பிரிவு. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய குற்றமானால் முதலில் அதிகபட்சம் 4 நாள், அடுத்து 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ என்றால் 7 நாளும் இன்னொரு 7 நாளும். ஆக தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவின் கீழ்ச் சாதாரணத் திருட்டு விசாரணைக்கு 'முதல் கட்டமாக 7 நாள் தடுப்புக் காவல்' என்று ஒரு தகவல் வந்தால் பிரிவு தவறு, அல்லது நாள் தவறு. அழைத்துக் கேட்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தில் கைது என்றால் கணக்கே வேறு, 28 நாள் வரை போகும்.

பலமுறை தவறாக வருவது இன்னொன்று. வழக்கிலிருந்து ஒருவரை நீதிமன்றம் இரண்டு விதமாக அனுப்பலாம். குற்றமற்றவர் என்று விடுதலை செய்வது ஒன்று. விடுதலைக்கு ஈடாகாத வெறும் விடுவிப்பு இன்னொன்று: அரசுத் தரப்பு பிறகு அதே குற்றச்சாட்டை மறுபடி கொண்டுவரலாம். இரண்டையும் 'விடுதலை' என்று எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து அவர் மறுபடி கூண்டில் நிற்கும்போது வாசகர் குழம்புவார், குடும்பம் பத்திரிகையைத் திட்டும்.

போதைப்பொருள் வழக்குகளில், அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, வைத்திருந்தது பிரிவு 12, உட்கொண்டது பிரிவு 15, விநியோகித்தது பிரிவு 39பி. மூன்றையும் 'போதைப்பொருள் கும்பல்' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டக் கூடாது. தற்கொலை முயற்சி 2023லிருந்து குற்றமில்லை. அதே ஆண்டு கட்டாய மரண தண்டனையும் நீக்கப்பட்டது, கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறை என்று நீதிபதி தீர்மானிக்கலாம். பழைய செய்தியைப் பார்த்து 'நிரூபிக்கப்பட்டால் கட்டாயத் தூக்கு' என்று நகலெடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சின்ன ஊரில் செய்தி எழுதும்போது தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

பெயர் போடாமலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் ஆபத்தை. 2001 சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வழக்கில் தொடர்புடைய 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை, பாதிக்கப்பட்டவரோ சாட்சியோ குற்றஞ்சாட்டப்பட்டவரோ, அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. பெயர், முகவரி, பள்ளி, படம் எல்லாம் அதில் அடங்கும். மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கோலாலம்பூரில் '13 வயது மாணவி' என்றால் ஆயிரக்கணக்கானவர்கள். 60 வீடு உள்ள தோட்டத்தில்? ஒரு பத்திரிகை தோட்டத்தின் பெயரைப் போடுகிறது, இன்னொன்று 'தந்தை மண்டோராகப் பணிபுரிகிறார்' என்கிறது, வானொலி 'மூன்று பிள்ளைகளில் மூத்தவர்' என்கிறது. தனித்தனியாக யாரும் சட்டத்தை மீறவில்லை என்று தோன்றும். சேர்த்து வைத்தால் வீட்டு எண்ணே தெரிந்துவிடும். ஆகவே சின்ன ஊரில் வட்டாரத்தின் பெயரோடு நிறுத்துங்கள், தகப்பனார் தொழிலைக் குறிப்பிடாதீர்கள்.

அவதூறும் பக்கத்திலேயே நிற்கிறது. திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாக, சரியாக, உடனுக்குடன் எழுதினால் 1957 அவதூறுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. போலீஸ் ரிப்போர்ட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுபவர் அதே பாதுகாப்பு தனக்கும் உண்டென்று நம்பிவிடக் கூடாது. விசாரணைக் கோப்பு யாராவது கைமாற்றிக் கொடுத்தால் 1972 அதிகாரபூர்வ இரகசியச் சட்டமும் நினைவில் இருக்கட்டும்.

கணக்கு எனக்கு வராது. சமாளிக்கலாமா?

கூடுதல் கணிதம் தேவையில்லை. விழுக்காடு, சராசரி, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதம் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 'வட்டாரத்தில் கொள்ளை 50 விழுக்காடு உயர்வு' என்று அறிக்கை வந்தால், 4 சம்பவம் 6 ஆனதா, 400 சம்பவம் 600 ஆனதா என்று கேட்கத் தெரிய வேண்டும். புகார் செய்யப்பட்டவை மட்டுமே புள்ளிவிவரத்தில் வரும் என்பதும் முக்கியம். குடும்ப வன்முறையும் சம்சு என்ற கள்ளச் சாராய வியாபாரமும் பெரும்பாலும் போலீஸ் நிலையம்வரை போவதில்லை. எண்ணிக்கை குறைவு என்பதற்குக் குற்றம் குறைவு என்று பொருளில்லை.

தமிழ் தெரிந்தால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் தமிழ் மட்டும் போதாது. போலீஸ் அறிக்கையும் குற்றப்பத்திரிகையும் மலாயில் வரும், ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில், சாட்சியின் அழுகை தமிழில். மூன்றையும் பிடிப்பவருக்கு மதிப்புத் தனி. தமிழ் நேசன் நாளேடு 1924லிருந்து நடந்து 2019ல் நின்றுபோனது, அச்சுத் தமிழ்ப் பத்திரிகையை மட்டும் நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனமல்ல. பெர்னாமா, ஆர்.டி.எம். தமிழ்ச் செய்திப் பிரிவுகள், இணையச் செய்தித் தளங்கள் என்று களம் நகர்ந்துவிட்டது.

வேலை என்ன கிடைக்கும்? போலீசில் சேரலாமா?

குற்றச் செய்தி, நீதிமன்றச் செய்தி நிருபர் என்பது நேர்வழி. தொடக்கச் சம்பளம் கொழுத்ததல்ல, இரவும் விடுமுறை நாளும் போகும். அதற்கு வெளியே வங்கிகளில் பணமோசடி கண்காணிப்பு, காப்புறுதி மோசடி விசாரணை, பொய்ச்செய்திச் சரிபார்ப்பு, அரசு சாரா அமைப்புகளில் தடுப்புக் காவல் மரணங்களை ஆவணப்படுத்துதல், நிறுவனங்களின் ஊடகத் தொடர்பு என்று பல கதவுகள் உண்டு. ஆவணம் படிக்கவும், ஆளிடம் பேசவும், சுருக்கமாக எழுதவும் தெரிந்தவரை இவர்கள் எல்லோருமே தேடுகிறார்கள். நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பணியும் இருக்கிறது, நம் பிள்ளைகள் அதிகம் கண்டுகொள்ளாத வேலை.

போலீஸ் இன்ஸ்பெக்டர், சிறைத்துறை அதிகாரி, சமூகநலத் துறையின் நன்னடத்தை அதிகாரி ஆகியவற்றுக்கும் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். இந்தப் பட்டம் அங்கே தனிச் சலுகை எதுவும் தராது, உடல் தகுதி, மலாய் மொழித் தகுதி எல்லாம் எல்லோரையும் போலத்தான். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அரசாங்க வேலைக்கு அங்கீகாரம் உண்டா என்று சேருமுன்பே மலேசியத் தகுதிநிலை நிறுவனமான எம்.கியூ.ஏ.விடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெண் பிள்ளையை இந்தத் துறைக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். பாலியல் குற்ற வழக்கிலும் குடும்ப வன்முறையிலும் பாதிக்கப்பட்ட பெண் பேச விரும்புவது பெரும்பாலும் இன்னொரு பெண்ணிடம்தான். இரவு வேலை, போக்குவரத்து பற்றிய கவலை நியாயமானது. பயிற்சிக்குப் போகுமுன் நிறுவனம் இரவு வீடுதிரும்ப வண்டி தருகிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை மகன்களுக்கும் கேளுங்கள்.

படிவம் 6 படிக்கும்போதே என்ன செய்து பார்க்கலாம்?

இரண்டு காரியம். ஒன்று, பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பக்கத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். பெரும்பாலான வழக்குகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும். காலை எட்டரைக்கே போய்விடுங்கள். கழுத்துப்பட்டை வைத்த சட்டை, நீண்ட காற்சட்டை, மூடிய காலணி. கைப்பேசியை முழுதாக அணைத்துவிடுங்கள், படமெடுப்பதை நினைத்தே பார்க்க வேண்டாம். மாஜிஸ்திரேட் வரும்போதும் போகும்போதும் எழுந்து தலைவணங்க வேண்டும். வாசலில் ஒட்டிய பட்டியலில் வழக்கு எண்ணும் பிரிவும் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு உள்ளே போனால்தான் நடப்பது புரியும். பெரும்பாலானவை இரண்டே நிமிடத்தில் அடுத்த தேதிக்குத் தள்ளிப்போகும். சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பைத் தாங்க முடிகிறதா என்று பார்ப்பதற்குத்தான் போகச் சொல்கிறோம்.

இரண்டாவது, ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். ஒரு மாதத்துக்குத் தினம் ஒரு குற்றச் செய்தி, மொத்தம் 30. ஒவ்வொன்றுக்கும் ஆறு கட்டம் போடுங்கள்: தகவல் தந்தது யார், அவர் ஒருவர் மட்டும்தானா, சந்தேக நபரின் இனம் குறிப்பிடப்பட்டதா, அது செய்திக்குத் தேவைப்பட்டதா, எந்தச் சட்டப் பிரிவு, தொடர்ச்சிச் செய்தி வந்ததா. கடைசிக் கட்டத்தை மூன்று மாதம் கழித்துத்தான் நிரப்ப முடியும், பெரும்பாலும் அது காலியாகவே இருக்கும். நேர்முகத்தில் 'இந்தத் துறை ஏன்' என்று கேட்கும்போது, அந்தக் காலிக் கட்டங்களை எண்ணிச் சொல்லுங்கள்.